குமிழில் வைத்த சந்தனம்

யுத்தத்துக்காகக் கடற்கரையில் விளக்கெரியக் கூடாதென்று பிரெஞ்சு சர்க்கார் தமுக்கடித்த வருஷம் அது.

எங்கள் மீனவக் குப்பமான நல்லவாட்டில் பொழுது சாய்ந்தும் அண்ணன் படகு திரும்பவில்லை. நல்ல மழை. பாட்டுச் சத்தத்தை வைத்தாவது கரையைப் பிடிக்கட்டும் என்று, கோயிலுக்குப் பழையதாக வாங்கிய பாட்டரி ஆம்ப்ளிஃபயரைப் போட்டோம்.

முனகல்தான் வந்தது. சத்தம் கூட்டும் குமிழ் அசையவில்லை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் உள்ளே இறங்கி இறுகியிருந்தது.

“மண்ணெண்ண ஊத்துபா, சீக்கிரம்!” என்று அஞ்சலை அண்ணி கத்தினாள்.

குமிழ் இளகியபோது விடிந்திருந்தது. அண்ணன் வரவேயில்லை.

இன்று ஆயுத பூஜை. ஸ்பீக்கர் பெட்டிக்குச் சந்தனம் வைக்கவந்த பேரன் மனைவியைத் தடுத்தேன்.

“இன்னா தாத்தா, சந்தனம் வெச்சா கெட்டா பூடும்?” என்று சிரித்தாள்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? அன்று சந்தனம் வைத்தது அண்ணிதான். அந்தக் கரையில் நின்றவர்களில் என்னைத் தவிர மிச்சமிருப்பதும், இன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலை அண்ணி ஒருத்திதான்.