சால்வை போர்த்திய மாவு ஜாடி

கம்பளிச் சால்வைக்குச் சூடு உண்டா? பள்ளியில் அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் நான். கம்பளி வெப்பத்தை எளிதில் கடத்தாது என்ற வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் மகள் இதைக் கேட்டால், அவளுக்குத் திருப்தியான பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

கணவருக்கு வங்கி வேலை. மாற்றலாகிக் கொல்கத்தா வந்து, ஜாதவ்பூர் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு. வந்த புதிதில் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். பாஷை தெரியாததால் என்று நினைத்தேன். விளையாட்டுத் தோழிகளோடு வங்காள மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிய பிறகும் வகுப்பில் அவள் பேசவில்லை. தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் காரணம். அது என்னிடமிருந்து போனதாகத்தான் இருக்கும். கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதிப் படி இறங்கியவள் திரும்ப ஏறுகிற ரகம் நான்.

அவளுடைய அறிவியல் மிஸ்ஸிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. ஊசி இல்லாத சிரிஞ்ச், பலூன், டார்ச் பல்பு, டீக்கடை மண்குவளை என்று அதில் எல்லாம் கிடக்கும். சின்ன வகுப்புகளுக்கு ஆய்வகம் கிடையாது, அந்த டின்தான் ஆய்வகம். எதையும் செய்துகாட்டுவதற்கு முன் என்ன நடக்கும் என்று பிள்ளைகள் ஊகிக்க வேண்டும். ஊகத்துக்கு ஏற்ப வகுப்பறையின் ஒரு மூலையில் போய் நிற்க வேண்டும். காரணம் சொல்லி எதிர் மூலையில் இருப்பவர்களைத் தன் பக்கம் இழுக்கலாம். அதற்குப் பிறகுதான் சோதனை.

பெற்றோர் கூட்டத்தில், பாடத்தை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்கத்தான் நான் போனேன். மிஸ் வேறொன்று சொன்னார். முதல் ரேங்க் வாங்கும் பெண் எந்த மூலைக்குப் போகிறாளோ அந்த மூலைக்குத்தான் என் மகளும் போகிறாளாம். அவளாக ஒரு மூலையில் நிற்கும் நாளுக்குக் காத்திருப்பதாக, புகார் போல இல்லாமல், சிரித்தபடி சொன்னார். எனக்கு அன்று முழுக்க வேறு நினைவே இல்லை.

ஜனவரியில் வெப்பம் பற்றிய பாடம் வந்தது. வீட்டுச் சமையலறையில் சூட்டையும் குளிரையும் வைத்து என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்று மிஸ் அம்மாக்களைக் கேட்டிருந்தார். இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவு பொங்காது, அதனால் பாத்திரத்துக்குச் சால்வை போர்த்துவேன் என்று எழுதி அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. மாவை இரண்டு ஜாடிகளில் கொண்டு வர வேண்டும், நானும் வகுப்பில் உட்கார வேண்டும்.

மாவு வழியில் பொங்கி ஆட்டோவில் வழிந்துவிட்டால்? முதல் நாள் மாலை அரைத்ததும் இரண்டு ஜாடிகளையும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். காலையில் எடுத்து, ஒன்றுக்கு என் சால்வையைச் சுற்றி, மேலே கணவரின் குரங்குக் குல்லாவையும் மாட்டினேன்.

"மாவுக்கு ஜலதோஷம் பிடிச்சிடும்னு என் குல்லாவக் கழட்டிட்டியா?" என்றார் அவர்.

போகும் வழியெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போர்த்தின ஜாடிதான் சீக்கிரம் பொங்கும், அந்த மூலையில் போய் நில். அவள் தலையை ஆட்டியபடி போர்த்திய ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மிஸ் ஜாடிகளை மேஜையில் வைத்தார். போர்த்தியதைப் பிரித்து, இரண்டிலும் தெர்மாமீட்டர் செருகி, பழையபடி சுற்றினார். மதியத்துக்குள் எது சூடாகும் என்று கேட்டார். வகுப்பே திமுதிமுவென்று சால்வை மூலைக்கு ஓடியது. முதல் ரேங்க் பெண்ணும் அங்கேதான். என் மகள் மட்டும் எதிர் மூலையில் தனியாக நின்றாள்.

பின் பெஞ்சிலிருந்து கண்ணால் ஜாடை காட்டினேன், அந்தப் பக்கம் போ என்று. அவள் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நகரவில்லை.

மிஸ் காரணம் கேட்டார். அவள் வங்காளமும் ஆங்கிலமும் கலந்து, தரையைப் பார்த்துச் சொன்னாள். ஆட்டோவில் ஜாடி அவள் மடியிலேயே இருந்தது. மிஸ் சால்வையைப் பிரித்தபோது தொட்டுப் பார்த்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரியே சில்லென்று இருந்தது. சால்வை அந்தக் குளிரை வெளியே விடவில்லை. ஒரு பையன் அவளைக் கிண்டல் செய்தான், அப்படியானால் ஐஸ்கிரீமுக்கும் ஸ்வெட்டர் போடலாமே என்று. மிஸ் அவனை அதட்டவில்லை. நல்ல யோசனை, நாளைக்குச் செய்து பார்ப்போம் என்றார். அதைக் கேட்டு ஒருத்தி மெல்ல என் மகள் பக்கம் வந்து நின்றாள்.

மணி அடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் தெர்மாமீட்டரைப் பார்த்தார்கள். மதியம், சும்மா இருந்த ஜாடி அறையின் சூட்டுக்கு வந்துவிட்டது. போர்த்தியது இன்னும் குளிர்ந்தே கிடந்தது. வீட்டில் நான் போர்த்துவது, அரைத்த சூடு ஆறாத மாவை. இங்கே குளிர வைத்ததைப் போர்த்தியிருக்கிறேன். இத்தனை வருஷம் போர்த்தியும் இது எனக்குத் தோன்றியதில்லை.

வீடு திரும்பும் வழியில் அவளைக் கேட்டேன், நான் ஜாடை காட்டியும் ஏன் வரவில்லை என்று.

"நீ தொட்டுப் பாக்கலியேம்மா. நான்தானே பாத்தேன்."

மறுநாள் கதை மாறியது. ராத்திரி முழுக்க மேஜையிலேயே இருந்ததில், போர்த்திய ஜாடிதான் சற்று அதிகமாகப் பொங்கியிருந்ததாம். இரவுக் குளிர் காரணமா, குல்லாவா, ஜாடியின் வாய் அகலமா? மிஸ் பிள்ளைகளை மறுபடி மூலைகளுக்கு அனுப்பினார். முதல் நாள் சரியாகச் சொன்ன என் மகள், போர்த்திய ஜாடி பொங்காது என்ற ஊகத்தில் இரண்டாம் நாள் தோற்றுப்போனாள். அப்படியும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னாள். எத்தனை படித்தாலும் இப்படி ஒரு வகுப்பு நடத்த எனக்கு வராது. அந்த மிஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது. இப்போது அவள் புத்தகத்தைத் திறக்கும் முன்பே எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்கிறாள், பாதி தப்பு. பால்கனியில் ஈரத்துணி காய்வது நூல் தண்ணீரைக் குடித்துவிடுவதால்தான் என்று நேற்று சொன்னாள். சரியான பதில் வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். திருத்தினால் பழையபடி என் முகத்தைப் பார்த்தே பேசுவாளோ என்று பயம். திருத்தாவிட்டால் பரீட்சையில் அப்படியே எழுதிவைப்பாளோ என்றும் பயம். ஆசிரியர்களாக இருப்பவர்களும், இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவர்களும் தயவுசெய்து எழுதுங்கள். அவள் தப்பாகச் சொல்லும்போது, நான் எப்போது வாய் திறக்க வேண்டும்?