மல்லிகா குத்திவிட்ட ரிப்பன்

போன வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் செக்ரட்டரி ஒரு படம் அனுப்பினார். கறுப்பு ரிப்பன், கீழே மெழுகுவத்தி. எல்லையில் இறந்த வீரர்களுக்காக எல்லோரும் சாயங்காலத்துக்குள் இதை டிபியாக வைத்துவிட வேண்டுமாம். இருட்டுவதற்குள் அடுத்த செய்தி வந்தது: "பி பிளாக்ல ரெண்டு பேரு இன்னும் மாத்தலீங்க." அதில் ஒன்று நான். என் டிபியில் எங்கள் பால்கனி கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. அதுவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். ஆனால் ரிப்பன் வாசம் மூக்கில் ஏறிவிட்டது.

புது ரிப்பனுக்கு ஒரு வாசம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? கஞ்சி போட்ட துணியில் மண்ணெண்ணெய் பட்ட மாதிரி. பள்ளிக்கூடத்தில் அத்தனை வருசமும் ரெட்டைச் சடையை மடித்துக் கட்டியது கறுப்பு ரிப்பனில்தான். அம்மாவேதான் கட்டிவிடுவாள், இழுக்கிற இழுப்பில் கண் பிதுங்கும். என் முழி இன்றைக்கும் கொஞ்சம் பெரிசாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அம்மாவுக்குச் சடையில் கட்டினால்தான் அது ரிப்பன். உடம்பில் குத்தினால் சாவு.

கார்கில் சண்டை நடந்தபோது நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பம்புசெட் கம்பெனி ஆபீசில் பில் போடுகிற வேலையில் இருந்தேன். வீடு மதுக்கரையில். என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். ஞாயிறு தவறாமல் எதிர்க்கடைக்குப் போன் பண்ணிக் கூப்பிடச் சொல்கிறவன், சண்டை தொடங்கியதிலிருந்து பண்ணவில்லை. எந்த மலையில் இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ. அம்மா டிவி செய்தி வந்தால் எழுந்து போய்விடுவாள். அந்தக் கடைப்பக்கம் போன் மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

அப்போதுதான் எங்கள் மானேஜர் ஒரு சுருள் கறுப்பு ரிப்பன் வாங்கி வந்தார். துண்டு துண்டாக வெட்டி, ஊக்கோடு ஒரு தட்டில் வைத்து, கல்யாண வீட்டில் சந்தனம் கொடுப்பதுபோல வாசலிலேயே நீட்டினார்கள். நான் வாங்கி மேஜை டிராயரில் போட்டேன். அன்றைக்கு ராத்திரியே அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "உசுரோட இருக்கறவனுக்கு ஆராச்சும் துக்கம் குத்துவாங்களா அம்மணி? வேண்டாங் கண்ணு" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் படித்தவள்தான், என்ன செய்ய?

ரெண்டு நாளில் ஆபீசே என் தோளைத்தான் பார்த்தது. எங்கள் ஊரில் குத்திப் பேசினாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். "நமக்காகச் சாகறாங்க. ஒரு ரிப்பன் குத்தறதுக்குக் கூடவா உங்களுக்குக் கனக்குதுங்க?" என்றார் மானேஜர். அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்குமே என்பீர்கள். சொன்னால் அடுத்த கேள்வி, "தகவல் ஏதாச்சும் வந்துதுங்களா?" அந்தக் கேள்விக்கு முன்னால் அழாமல் நிற்க எனக்குத் தெம்பில்லை.

மல்லிகாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். பக்கத்து மேஜை, டைப்பிஸ்ட். என் டிபன் பாக்சை அவளும் அவள் டிபன் பாக்சை நானும் தின்று வளர்ந்த சிநேகம். அண்ணன், போன் வராதது, அம்மா சொன்னது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆபீசில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் எல்லோரும் வாசலில் நின்று அஞ்சலி செலுத்த வேண்டும் என்றார்கள். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தது. "ஒருத்தர் மட்டும் ரிப்பன் இல்லாம நிக்கறாங்களே" என்று யாரோ சொன்னார்கள். மல்லிகாவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறப்பாள் என்று நினைத்தேன். திறந்தாள். "அட இரு புள்ள, நானே குத்தி உட்டர்றேன்" என்று சிரித்துக்கொண்டே வந்து, என் தோளில் முந்தானையோடு சேர்த்து ஊக்கைக் குத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். மானேஜர் அவளைப் பார்த்து, "நல்ல காரியமுங்க" என்றார்.

பஸ்ஸில் ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். முகம் எரிந்துகொண்டிருந்தது. அவள் செய்ததை நினைத்து நினைத்து, தோளில் இருப்பதையே மறந்துபோய் வீட்டுப் படியேறினேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பாத்திரம் கவிழ்ந்தது. "ஆபீசுக்குச் சொல்லிப்போட்டாங்களா? என்ற பையன் போயிட்டானா அம்மணி?" என்று கத்திக்கொண்டு தரையில் விழுந்தாள். "இல்லீங்மா, இல்லீங்மா" என்று நான் கத்துவது அவள் காதில் ஏறவில்லை. பக்கத்து வீட்டார் ஓடி வந்து, என் தோளைப் பார்த்துவிட்டு அவர்களும் அழ ஆரம்பித்தார்கள். ஊக்கு வரவில்லை. சேலை கிழியக் கிழியப் பிடுங்கி எறிந்தேன்.

அண்ணன் நல்லபடியாக வந்துவிட்டான், கவலைப்படாதீர்கள். விஷயம் தெரிந்து கம்பெனியில் அவனுக்குச் சால்வை போட்டார்கள். மல்லிகாதான் தட்டை ஏந்தி வந்தாள். "இன்னுமா கோவம்? நாட்டுக்காகத்தான குத்துனேன்?" என்றாள். நாட்டுக்காகவா! மானேஜர் கண்ணில் படுவதற்காக. துரோகம் என்பதைத் தவிர அதற்கு எனக்கு இன்றுவரை வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது பட்டுக்கடை. மல்லிகா எங்கே இருக்கிறாளோ, தெரியாது. அம்மாவும் போய்விட்டாள். முன்பெல்லாம் நான் வந்தால் அடுப்படியில் இருந்தபடியே "வந்துட்டயா கண்ணு" என்று குரல் கொடுப்பாள், எழுந்து வரமாட்டாள். அந்த நாளோடு அந்தக் குரல் நின்றது. கடைசிவரைக்கும் வாசலுக்கு வந்து, முதலில் என் தோளைப் பார்ப்பாள். அப்புறம்தான் முகத்தை.