சாவி இல்லாமல் உருண்ட வண்டி

ஊரைத் தாண்டி இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. சட்டைப் பையில் நண்பனின் பைக் சாவி. மலையில் புளி உலுக்கும் வேலை முடிந்துவிட்டது. செங்கத்தில் ஒரு கடலை மில்லில் மூட்டை தூக்க ஆள் கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை போய் நிற்காவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். கீழே சாலை பிரிகிற இடத்தில் சாயங்கால பஸ் வரும்.

சீசன் முழுக்க நண்பன் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அன்று அவன் பங்காளி வீட்டில் காதுகுத்து, மதியத்திலிருந்தே குடித்துக்கொண்டிருந்தான். நான் கிளம்பியதும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வூட்டுக்கு வந்தவன நடக்க உட்டா ஊரு இன்னா பேசும்? ஏறு மச்சான்.”

“உன் காலே நிக்கல. வண்டி நிக்குமா?”

சாவியை உருவிக்கொண்டு நடந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் உள்ள டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனால், தெளிந்த பிறகு வாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இந்த மலையில் எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் உருட்டித்தான் இறங்குவார்கள். நானே அவன் பின்னால் உட்கார்ந்து அப்படிப் பல தடவை இறங்கியிருக்கிறேன். இருந்தும், ஹேண்டிலைப் பூட்டாமல் சாவியை மட்டும் எடுத்து வந்திருந்தேன்.

சரளையில் டயர் நெரியும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். எஞ்சின் சத்தமே இல்லை. வண்டி இந்த ஓரமும் அந்த ஓரமுமாக வளைந்து வந்தது. எனக்குக் கீழே வளைவு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். ஒதுங்கினால் அவன் வளைவில் திரும்பமாட்டான். நடுரோட்டில் கையை விரித்து நின்றேன். பிரேக்கை மிதித்தான். வண்டி சறுக்கி என் காலருகே படுத்தது. அவனுக்கு முட்டியில் மட்டும் சிராய்ப்பு.

“நீ இன்னா என் பொண்டாட்டியா?” என்று கத்தினான்.

“அதுவா இருந்தா இந்நேரம் செருப்பால அடிச்சிருக்கும்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தி ஹேண்டிலைப் பூட்டினேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பையை எடுத்தேன்.

“போ, போ. வூட்ல இன்னொரு சாவி கீது.”

அதை அவன் மிரட்டலாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்தான். போகலாம், இருக்கலாம், இரண்டில் எதைச் செய்தாலும் எனக்கு நஷ்டம்தான். எந்த ஊரிலும் ஒட்டாதவன் நான். பிடிக்கவில்லை என்றால் நடந்துவிடுவேன். அன்று நாலடிக்கு மேல் போக முடியவில்லை.

காதுகுத்துக்கு வந்தவர்களை இறக்கிவிட அன்று பஸ் வளைவுக்கே ஏறி வந்து திரும்பியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்: “வர்றியா, இல்லியா?”

“நீங்க போங்கண்ணா.”

“வண்டிக்குக் காவலா?” என்று சிரித்துவிட்டு விசில் கொடுத்தார்.

நண்பன் தூங்கிப்போனான். அவன் எழுந்ததும் இருவருமாக வண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு போனோம். வீட்டு வாசலில் அவன் மனைவி அவன் முட்டியைப் பார்த்தாள், பிறகு என் பையைப் பார்த்தாள். உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

மில் வேலை போய்விட்டது. ஊரில் மிச்சமிருந்தது சுத்தியலால் தட்டிப் புளியில் கொட்டை எடுக்கும் வேலை மட்டும்தான். அதைப் பெண்கள்தான் செய்வார்கள். மறுநாள் காலை அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். “வளையல் போட்டுக்கினு வர்லியாண்ணா?” என்றாள் ஒருத்தி. கையை நீட்டிச் சுத்தியலை வாங்கிக்கொண்டேன்.