புல்தரையை நெல் என்று ஒப்புக்கொள்ளாதவர்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எங்கள் இயக்குநர் செய்தி போட்டிருந்தார்: "கிரேஸ் மேரி அவர்கள் மாரடைப்பால் காலமானார். ஈடுசெய்ய முடியாத இழப்பு." கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருடம் அவரை வேலையை விட்டு அனுப்பியபோது இந்த இழப்பு தெரியவில்லையா?

கிரேஸ் அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். செயற்கைக்கோள் படத்தை வைத்து எந்த ஊரில் என்ன பயிர் என்று வரைபடம் போடுவது என் வேலை. அது சரிதானா என்று வயலுக்கே போய்ப் பார்ப்பது அவர் வேலை. ஒரகடம், வாலாஜாபாத் பக்கம் அவர் ஸ்கூட்டி போகாத பாதை கிடையாது.

நான் சேர்ந்த புதிதில் பெரிய பச்சைத் திட்டு ஒன்றை நெல் என்று குறித்துவிட்டேன். சரிபார்க்கப் போன அக்கா அங்கிருந்தே போன் செய்தார். "தம்பி, நீ நெல்லுன்னு போட்டுகீற எடம் கார் கம்பெனி புல்தரை. செக்யூரிட்டி என்னைத் தொரத்திக்கினு கீறாரு. அறுப்பு எப்போன்னு அவராண்ட கேக்கட்டா?" எனக்கு மானமே போயிற்று.

பிறகு பாசனக் கால்வாய்களைச் சீரமைத்த அரசுத் திட்டத்தால் சாகுபடி கூடியதா என்று மதிப்பிடும் பணி வந்தது. என் வரைபடத்தில் பச்சை கூடியிருந்தது. அக்கா இடம் இடமாகப் போய்ப் பார்த்து, எங்கே என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார். கூடியதில் பெரும்பகுதி கம்பெனிப் புல்லும் சீமைக்கருவேலமும்தான். கால்வாய் போய் முடிகிற கடைமடை வயல்களில் ஒரு நாற்றுகூட இல்லை. கம்பெனி லாரிகளுக்கு ரோடு போட்டவர்கள் கால்வாயை மண்ணடித்து மூடியிருந்தார்கள். ரோட்டுக்கு அடியில் குழாய் பதித்தால் தண்ணீர் போகும் என்று அறிக்கையில் எழுதச் சொன்னார்.

"படம் பொய் சொல்லாது. அந்தம்மா குறிச்ச புள்ளியெல்லாம் பிழைன்னு எடுத்துடுங்க" என்றார் இயக்குநர். எடுத்தது யார்? நான்தான். வேலை போய்விடும் என்ற பயம். 'திட்டம் வெற்றி' என்று அறிக்கை போயிற்று. கோப்பை மூடினார்கள்.

அக்கா இயக்குநர் அறைக்குள் போட்ட சத்தம் வெளியில் நின்ற எனக்கே கேட்டது. "நான் வெயில்ல நின்னு பாத்தது பிழை, நீங்க ஏசி ரூம்ல பாத்தது உண்மையா? இன்னா சார் நியாயம் இது?" அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "நீயாவது வாயத் தொறந்திருக்கலாம் தம்பி" என்றதோடு விட்டுவிட்டார். இன்னும் சுடுகிறது.

கல்லறைத் தோட்டத்தில் இயக்குநர் ஆளுயர மாலையோடு நின்றார். வெட்கம்கெட்ட ஜென்மம்! கடைமடை விவசாயி முனுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொழாய்க்குன்னு மனு எழுதிக் குடுத்துக்கினு இருந்ததே அந்தம்மாதான் சார். எங்க போனாலும் உங்க ரிப்போர்ட்டக் காட்டித் தொரத்துறாங்க."

அன்றே நீக்கிய புள்ளிகளைத் திரும்ப வைத்துப் புது வரைபடத்தை, திட்டத்தை நடத்திய அரசுத் துறைக்கு அனுப்பினேன். நீக்கியது நான் என்றும் எழுதினேன். இயக்குநர் விடாமல் போன் செய்கிறார். செய்யட்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் முனுசாமியோடு நானும் வரிசையில் நிற்கப் போகிறேன்.

"மேப்ப மாத்துனா தண்ணி வந்துடுமா சார்?" என்று முனுசாமி கேட்டார்.

"வராது. ஆனா வந்துடுச்சுன்னு இனிமே எவனும் சொல்ல முடியாது."

போய் வாருங்கள் அக்கா. நீங்கள் உயிரோடு இருந்தபோது இதைச் செய்ய எனக்குத் துப்பில்லை.