எனக்கென்று வந்த சோறு

யுத்த காலத்தில், மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் நான்கு வீடுகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. பெரிய ஒற்றுமை என்று நினைத்துவிட வேண்டாம், விறகு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு வீடு அரிசியோ ராகியோ போட்டுச் சமைக்கும். மற்றவர்கள் பருப்பு, காய், புளி என்று இருப்பதைக் கொண்டுபோவோம். கொல்லையில் புங்கமரத்தடியில் தையல் இலை போட்டு எல்லாரும் உட்காருவோம்.

பக்கத்து வீட்டு அக்கா நஞ்சன்கூட்டுக்காரி. புருஷன் பாயிண்ட்ஸ்மேன். அவள் முறை முதன்முதலாக வந்தபோது ராகிக் களி உருண்டையும் கீரைச் சாறும் போட்டாள். நான் தஞ்சாவூர்ப் பக்கம். ராகிக் களியைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை. சோறு மாதிரி மென்றேன். பல்லிலும் மேலண்ணத்திலும் அப்பிக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை. எல்லாரும் பார்க்க, மரத்துக்குப் பின்னால் போய்த் துப்பினேன். என் வீட்டுக்காரரோ இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

அதன் பிறகு அக்கா முறை வரும்போதெல்லாம் எனக்கு மட்டும் ஒரு சின்னப் பித்தளைப் பாத்திரத்தில் சோறு வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தஞ்சாவூர்க்காரிக்குத் தருகிற மரியாதை என்று எனக்குள் ஒரு மிதப்பு.

ஒரு சனிக்கிழமை கறிவேப்பிலை கேட்க அவள் வீட்டுக் கொல்லைக் கதவருகே போனேன். உள்ளே, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகள் ஒரு பிடி தயிர்சாதம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் எனக்கும் கன்னடம் புரிய ஆரம்பித்திருந்தது. ரேஷனில் வந்ததில் ஒரு பிடி அரிசிதான் மிச்சம், அது நாளைக்குத் தமிழ் வீட்டம்மாவுக்கு, பாவம், அவளுக்குக் களி இறங்காது என்றாள் அக்கா. கறிவேப்பிலை கேட்காமல் திரும்பினேன். போன முறை அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்துதான் அந்தச் சோற்றை வழித்துச் சாப்பிட்டிருந்தேன்.

மறுநாள் பித்தளைப் பாத்திரம் வழக்கம்போல் என் இலைக்கு வந்தது. அதை எடுத்து அந்தப் பெண்ணின் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அக்கா, எனக்கும் முத்தே போடுங்க. அன்னம் பேடா," என்றேன். முத்தே என்பது அவர்கள் களிக்குச் சொல்லும் பெயர், பேடா என்றால் வேண்டாம்.

அக்கா என்னையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். முந்தின நாள் கொல்லைக் கதவருகே நின்று கேட்டது நான்தான் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு உருண்டையை என் இலையில் வைத்தாள்.

"அகீபேடி, நுங்கி," என்றாள். மெல்லாதீர்கள், விழுங்குங்கள்.

சின்னதாகக் கிள்ளி, சாற்றில் புரட்டி விழுங்கினேன். முதல் வாய் தொண்டையில் நின்று கண்ணில் தண்ணீர் வந்தது. பரவாயில்லை, அது களியால் என்றே எல்லாரும் நினைத்தார்கள். நான் உருண்டையை முடிக்கும்வரை எதிரே அந்தப் பெண், பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டபடி, தலை நிமிரவே இல்லை.