மணக்காத பூச்சாடி

திரைச்சீலை தைத்துப் பிழைக்கும் அவளுக்குத் தெருவில் பட்டாசு என்று பெயர். யாரும் பற்றவைக்க வேண்டியதில்லை, தானே வெடிப்பாள். பூச்சாடி அலங்கரிக்க உட்கார்ந்தால் மட்டும் கை நிதானத்துக்கு வந்துவிடும். எந்தக் கிளை நிமிர்ந்து நிற்கும், எந்தத் தண்டு இரண்டே நாளில் அழுகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நுரையீரலில் அறுவை சிகிச்சை முடிந்து அவள் கணவர் அன்று வீடு திரும்புகிறார். வாசனை, தூசி, மகரந்தம் எதுவும் ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வாரமாக மோந்து மோந்து பார்த்துப் பொறுக்கினாள். தடித்த இலைகள், பூக்காத கிளை, காய்ந்த விதைக்காய்கள், நடுவே உயரமாகப் பஞ்சுப் புல். புல் உதிருமே என்று, வழக்கம்போல, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைக் காலையில் அதன்மேல் தாராளமாக அடித்தாள்.

பத்து மணிக்கு நாத்தனார் ஒரு கட்டு லில்லியோடு வந்து இறங்கினாள்.

"என்னம்மா இது, விறகு அடுக்கி வெச்சிருக்க? என் தம்பி பொழச்சு வர்றான். நாலு பூ வைக்க மனசு வரலியா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் லில்லிகள் சாடியில் ஏறியிருந்தன.

வந்ததே கோபம்! அத்தனையையும் பிடுங்கித் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் வீசினாள். திரும்பி வந்து மேசையை மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தாள். வாய் மட்டும் ஓயவில்லை.

"போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல ஏறலியா அக்கா? தம்பியக் கொல்லணும்னே வந்தீங்களா?"

நாத்தனாரின் முகம் செத்துப்போயிற்று. மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தவள், தம்பி வந்தபோதுதான் தலை நிமிர்ந்தாள்.

அவர் சாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆசையாகப் புல்லைத் தொட்டார். இருமினார். இருமல் நிற்கவில்லை. தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, மூச்சு வாங்க, "சலூன்ல உக்காந்த மாதிரி நெடி அடிக்குதே, என்னது?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் அடித்த ஸ்பிரே!

நாத்தனார்தான் எழுந்தாள். சாடியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். இருமல் அடங்கும்வரை தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் இவளும் திருப்பித் திட்டியிருக்கலாம். தன்மேலேயே வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"ஏதாவது சொல்லித் தொலைங்களேன் அக்கா!" என்று கத்தினாள்.

"என்னத்தச் சொல்ல?" என்றாள் நாத்தனார். "நீயும் ஆசையாத்தானே வெச்ச."