காலிக் கூண்டின் காவல்காரி

மற்ற கூண்டுகளில் சருகை வெளியே அள்ளுவார்கள். இவர் கூடை கூடையாக உள்ளே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார். விலங்குக் காட்சிசாலையில் சருகுமான் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் இவருக்குச் ‘சருகம்மா’ என்று பெயர் விழுந்தது இதனால்தான். வீட்டில் மட்டும் ஒரு தூசு கண்ணில் பட்டால் கணவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாராம்.

கூண்டு எப்போதும் காலியாகத்தான் தெரியும். உள்ளே இருப்பது முயலைவிடச் சற்றே பெரிய மான். கொம்பு கிடையாது, கால்கள் பென்சில் கனம். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் என்பதால், சருகில் அசையாமல் நின்றால் கண்ணுக்கு அகப்படாது. “டிக்கெட் வாங்கினோம், ஒண்ணையும் காணோமே” என்று நேற்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

“அது உங்களப் பாத்துடுச்சுல்ல, கெளம்புங்க” என்றார் சருகம்மா.

மிரண்டுபோனால் அந்த மான் பின்னங்காலால் தரையைப் படபடவெனத் தட்டும். பதினோரு வருடப் பழக்கத்தில் சருகம்மாவும் தட்டுகிறார். இவரைப் பற்றி எழுத நான் போனபோது தட்டிக்கொண்டுதான் இருந்தார். காரணம், புதிதாக வந்த மேற்பார்வையாளர்.

நான்கு நாளைக்கு முன் ஒரு குட்டி பிறந்தது. தாய் அதைச் சருகுக்குள் விட்டுவிட்டு எட்டப் போய்விட்டது. மேற்பார்வையாளர் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கவனித்து, தாய் குட்டியைக் கைவிட்டதாகக் குறிப்பெழுதிவிட்டார். அலுவலக நேரத்தில் பால் கொடுக்காதது பெரிய குற்றம்தானே. இனி குட்டியைத் தூக்கிப் புட்டிப்பால் கொடுக்கப்போகிறாராம்.

“பக்கத்துலயே நின்னா அவ வாசனைக்கு வேற மிருகம் வந்துடும்னு தள்ளி நிக்கறா சார். இருட்டினா வருவா. நாம தூக்கினா பயத்துலயே குட்டி செத்துடும்” என்று கெஞ்சி, இன்று இருட்டும்வரை அவகாசம் வாங்கியிருந்தார் சருகம்மா.

“வராம போயிட்டா?” என்று கேட்டேன்.

“அத நெனச்சுதான் மூணு நாளா சாப்பாடே எறங்கல” என்றார்.

மணி ஆறரை. வேலிக்கு இப்பால் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மேற்பார்வையாளரின் மடியில் பால்புட்டி ஆறிக்கொண்டிருந்தது. “இன்னும் அஞ்சு நிமிஷம்தாம்மா” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மூலையில் சருகு லேசாக அசைந்தது. தாய் வந்து நின்று நாலாபுறமும் பார்த்தது. பிறகு ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டது. குட்டி தள்ளாடி எழுந்து அதன் மடியை முட்டியது.

மேற்பார்வையாளர் வாயைப் பிளந்தபடி கைப்பேசியை உயர்த்தினார். சருகம்மா மானைவிட்டுக் கண்ணெடுக்காமல், மண் அப்பிய உள்ளங்கையைக் கைப்பேசியின் மேல் வைத்து மூடினார்.